சீமெந்து இறுகும்வரை

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறுகளில் கூலி வாங்காமல் வீடு திருத்திக் கொடுக்கும் எங்கள் மேசன்மார் கூட்டத்துக்கு நான்தான் தலைவன். யாரும் தெரிவு செய்யவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். போன ஞாயிறு அடுத்த வளவுத் தங்கராசாவின் வாசலை அகலமாக்கி, வீல்செயார் இறங்கச் சீமெந்தில் ஒரு சரிவு போட்டோம். வாவிக்கு இந்தப் பக்கம் அப்படியொரு சரிவு கிடையாது. ஆஸ்பத்திரியில் இருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் கால் எடுத்ததிலிருந்து அவனை இரண்டு பேர் தூக்கித்தான் வெளியே கொண்டுவருவார்கள். தானே உருட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போகவேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

“இப்பவே இறங்கிப் பாக்கட்டா மச்சான்?”

“பொறு மச்சான். ஒரு கிழமை தண்ணி குடிக்கட்டும். பிறகு யானை ஏறினாலும் அசையாது.”

சரிவின்மேல் நனைத்த சாக்கை விரித்துவிட்டு வந்தேன். இன்றைக்குத்தான் அவன் இறங்குவதாக இருந்தது.

நேற்று விடியவே நெஞ்சுவலியில் போய்விட்டான். இன்று பின்னேரம் பெட்டியை எடுக்க முன்னர் சாக்கை நானே இழுத்துப் போட்டேன். அது ஈரமாக இருந்தது.

“ஒரு நேரமும் காய விடல்ல அண்ணன், நீங்க சொன்னபடியே தண்ணி ஊத்தினன்,” என்றாள் அவன் மனைவி.

பெட்டியைச் சுமந்துகொண்டு நாலு பேர் இறங்கினோம். ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்த வீல்செயார் இறங்குவதற்கு மூன்று நாள் இறுகியிருந்தாலே போதும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அவன் யானையைக் கேட்கவில்லை.