காணிக்கைப் பாட்டின் மெட்டு

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ரங்கூனில், நம் தின்கன்ஜூன் வீட்டில் உங்கள் இசைத்தட்டுப் பெட்டி இன்னும் அதே ஜன்னலோரம்தான் இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும், பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் கோ அந்தோணி என்னை நிறுத்தினார். பர்மிய மரியாதைப்படி அவருக்குக் கோ, எனக்கு டோ. கோயில் பாட்டுப் புத்தகம் அச்சாகப் போகிறதாம். "டோ அமலா, அந்தக் காணிக்கைப் பாட்டுக்குச் சொல்லும் மெட்டும் ரெண்டுமே உங்கப்பா சூசை ஐயான்னு போட்டுடறோம், சரிதானே?"

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். சொல் உங்களுடையது. மெட்டு, நாம் மரேக் என்று மட்டும் சொல்லிவந்த அந்தப் போலந்துக்காரருடையது. அது நம் இருவருக்கு மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

நீங்கள் போட்டாதாங் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு போலந்துக் கப்பலின் சமையல்காரர் கொடுத்துவிட்டுப் போன ஜாஸ் இசைத்தட்டில் இருந்த மெட்டு அது. உறையில் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், மரேக். பின்புறம் நாலு வரி ஆங்கிலம்: தன் நாட்டில் ஜாஸ் கூடாது என்றிருந்த காலத்தில் நிலவறைகளில் பியானோ வாசித்தவர், தானே மெட்டமைத்தவர், நாற்பதைத் தொடாமல் இறந்தவர். நிலவறை என்ற சொல்லின் கீழ் நீங்கள் பென்சிலால் கோடு போட்டிருக்கிறீர்கள்.

எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தால் அரசு பல்கலைக்கழகத்தை மூடியபோது, பாடம் நடத்த வகுப்பில்லாமல் நான் வீட்டில் கிடந்தேன். மத்தியானங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தத் தட்டைக் கேட்டோம். பிறகு நீங்கள் ஆர்மோனியத்தில் அந்த மெட்டை மெதுவாக்கி, தமிழில் சொற்கள் போட்டு, கோயிலில் பாடவைத்தீர்கள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"மெட்டு யாருதுன்னு ஏம்ப்பா சொல்லல?"

"ஜாஸுன்னா ஃபாதர் நிப்பாட்டிடுவாரும்மா. கிளப்புல ஆடுற பாட்டுன்னு நெனைப்பாரு."

அந்த ஃபாதர் மாற்றலாகிப் போனார். அடுத்தவரும் போனார். அப்போதும் நீங்கள் சொல்லவில்லை. பயம் பழகிவிட்டதா? பாராட்டு பிடித்துப்போனதா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நேற்று உறையைக் கோ அந்தோணியிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ இத்தனை வருஷமா ஜாஸையா பாடிட்டிருந்தோம்?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஐயா பேரு கொறஞ்சிடாதா, டோ அமலா?"

"பாட்டோட சொல்லு அப்பாதுதானே. அது போதும்."

சொல்லிவிட்டேனே தவிர, வீடு வரும்வரை உங்கள் முகம்தான். கோபமா, அப்பா?

நிலவறையில் வாசித்தவரின் பெயரை நாமும் மறைத்து வைக்க வேண்டாம். மெட்டு அவருடையது, சொல் உங்களுடையது என்று இரண்டு வரியாக வரும். அவருடைய முழுப் பெயர் நம் இருவர் வாயிலும் கடைசிவரை நுழையவில்லை. புத்தகம் வெளியாகும் ஞாயிறன்று அந்தப் பெயரைக் கோயிலில் நான்தான் வாசிக்க வேண்டுமாம். தடுமாறாமல் வாசிப்பேன். அடுத்து உங்கள் பெயரை, அதே குரலில்.

உங்கள் மூத்த மகள்,
அமலா