நூலகம் முழுவதும் ஒன்றாம் எண்

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் புதிதாகத் திறக்கப்போகும் நூலகத்தின் புத்தகங்களில் ஒட்டும் எண்சீட்டுகளை அச்சிட நிரல் எழுதும் வேலையைக் கணினி டீச்சர் என்னிடம் கொடுத்தார். கணினிக் குழுவில் என் முதல் வேலை. ஒவ்வொரு எண்ணுக்கும் தனி வரி வேண்டாம். 'எண் ஐந்நூறைத் தாண்டும்வரை அச்சிடு, மறுபடி மேலே போ' என்று திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு லூப் போதும். எழுதிப் பெருமையாக ஓட்டினேன்.

ஒன்று வந்தது. மறுபடியும் ஒன்று. அப்புறமும் ஒன்றுதான். சீட்டுகள் தரையில் குவிந்தன. நூலகர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, எல்லாப் புத்தகமும் முதல் ரேங்க்கா?" என்றார். பதற்றத்தில் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். அது அறை முழுவதற்குமான சுவிட்ச். மற்றவர்கள் சேமிக்காத வேலையெல்லாம் போயிற்று.

"அடுத்த வெள்ளிக்குள்ள தப்பு எங்கன்னு நீயே கண்டுபிடி. இல்லேன்னா உன் இடம் வேற ஆளுக்கு," என்றார் டீச்சர்.

அப்பாவிடம் சொல்லவில்லை.

உன்,
சோடாபுட்டி

ஜூன் 13

அன்புத் தங்கைக்கு,

நலம். பனியன் கம்பெனி இஸ்திரிப் பிரிவில் வேலை அதிகம். லூப் புரியவில்லை, சுவிட்ச் புரிந்தது, சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன்.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து நானே கணினியானேன். தாளில் எழுதியிருப்பதை மட்டும்தான் செய்வது, சொந்தப் புத்தி கூடாது என்று முடிவு. எண் 1. ஐந்நூறைத் தாண்டியதா? இல்லை. அச்சிடு. மேலே போ. தாண்டியதா? இல்லை. இப்போது கை தானாக 2 எழுதப் போயிற்று. பிடித்து நிறுத்தினேன். யார் சொல்லி 2? எண்ணோடு ஒன்றைக் கூட்டச் சொல்லும் வரி என் தலைக்குள்தான் இருந்தது, நிரலில் இல்லை.

இன்று எல்லோர் முன்னாலும் ஓட்டினேன். அன்று சேமிக்காத வேலையைப் பறிகொடுத்தவர்களில் ஒருத்தி சுவிட்சை மறைத்து நின்றாள். "நீ ஓட்டு தாயே, நான் இங்கயே காவல் இருக்கேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்நூறு வந்ததும் அச்சுப்பொறி தானாக நின்றது. அறையே கைதட்டியது. "இடம் உனக்குத்தான். சுவிட்ச் பக்கம் மட்டும் போகாத," என்றார் டீச்சர். காவல்காரி இப்போது தன் நிரலை என்னிடம் காட்டிச் சந்தேகம் கேட்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், அடிக்காதே. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நலம், வேலை அதிகம், நேரத்துக்குச் சாப்பிடு, அடுத்த மாதம் வருகிறேன். உன் லூப்பிலும் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நூலகம் திறக்கிறார்கள்.

உன்,
சோடாபுட்டி

ஜூன் 23

சோடாபுட்டிக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து மேசைக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். "வர்றேன் வர்றேன்னு எழுதறியே, லீவு கேட்டியாடி?" என்றாள். மனதுக்குள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை. இன்று சூப்பர்வைசரிடம் நேராகப் போய்க் கேட்டேன். "இதை முன்னாடியே கேட்க வேண்டியதுதானே," என்றார்.

சனிக்கிழமை காலை வருகிறேன். ஐந்நூறாம் எண் ஒட்டிய புத்தகத்தை உன் கையால் எடுத்துக் கொடு.

அக்கா