துண்டு போட்ட இருக்கை

அப்பா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்சப்பில் "சாப்பிட வாங்க" என்று அனுப்பிய என்னை, "வாயத் தொறந்து கூப்பிடுமா, நான் என்ன பார்டர்லயா இருக்கேன்?" என்று கேட்டவர் நீங்கள். இப்போது வாயைத் திறந்து கூப்பிட்டாலும் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை பையைத் திறந்தபோது உங்கள் வெள்ளைத் துண்டிலிருந்து முழங்கால் தைலத்தின் வாசம் வந்தது. நாளை மாலை நம் ராணுவக் கால்பந்துக் குழுவுக்கு ஆட்டம் இருக்கிறது. நீங்கள் போன பிறகும் நான் ஆட்டத்துக்குப் போகிறேன். உங்கள் இருக்கையில் இந்தத் துண்டை விரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த இருக்கையை இப்போது ஒருவர் கேட்கிறார். அம்மா, "உங்கப்பாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டார். கேட்பதற்கு முன் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கிறேனே.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறியதும் நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் காலத்தில் ராணுவத்தில் இல்லாத ஒருவர்கூட அந்தக் குழுவில் கிடையாது. கோல்கீப்பர் முகாமில் சமையல்காரர். இடது ஓரத்தில் ஓடியவர் சிக்னல் படையில் இருந்தார். நீங்கள் லோரி ஓட்டினீர்கள், திடலில் வலது பேக், தடுப்பாட்டக்காரர். காலையில் உத்தியோகம், மாலையில் பந்து. நீங்கள் திடலுக்குள் வரும்போதே எதிரணி ஆதரவாளர்கள் "கிரி! கானான்! கிரி! கானான்!" என்று அணிவகுப்பில் மலாயில் இடது வலது சொல்வதுபோலக் கத்திக் கேலி செய்வார்களாம். நீங்கள் பதினோரு பேரும் வேண்டுமென்றே அந்தச் சத்தத்துக்குக் கால் மாறாமல் நடந்து போவீர்களாம். "சிரிக்கட்டும்லா. அவனுங்களுக்கு ஓட மட்டும்தான் தெரியும், எங்களுக்கு நடக்கவும் தெரியும்."

உங்களைத் தோற்கடித்தது எதிரணியைவிட மாற்றல் உத்தரவுதான். அரையிறுதிக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேரைச் சரவாக் எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள். "கோச் பாவம், கரும்பலகையில அம்புக்குறி போட்டு வெச்சிருப்பாரு, அம்பு இருக்கும், ஆளு இருக்கமாட்டான்."

அப்படிப் போகிறவனின் எண்ணை வேறு யாரும் போடக்கூடாது என்பது உங்களுக்குள் ஒரு வழக்கம். அவன் சட்டையை மடித்து, பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்களோடு வைத்துவிடுவீர்கள். எல்லையிலிருந்து அவனே யார் மூலமாவது "பாக்காய்லா", போட்டுக்கங்கடா என்று சொல்லி அனுப்பினால்தான் இன்னொருவன் அதைத் தொடலாம்.

உங்களோடு தடுப்பில் நின்ற ஹாலிம் மாமா, ஐந்தாம் எண், சொல்லி அனுப்பவே இல்லை. அவர் போன படகு ஆற்றில் கவிழ்ந்தது. அதன் பிறகு நீங்கள் ஓய்வு பெறும்வரை ஐந்தாம் எண் சட்டை மடித்தபடியே எல்லா ஊர்களுக்கும் உங்களோடு வந்தது.

இதெல்லாம் தெரியாத வயதில் என்னை முதல்முறை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனீர்கள். இரண்டு பேருக்கு மூன்று டிக்கெட். உங்களுக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியில் துண்டை விரித்தீர்கள்.

"அண்ணே, இங்க ஆள் இருக்கா?"

"இருக்கான் பாஸ், வந்துகிட்டு இருக்கான்."

நான் ஆட்டத்தைப் பார்க்காமல் அந்த ஆள் எப்போது வருவார் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பிரிக்பீல்ட்ஸில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் ஹாலிம் மாமாவைப் பற்றிச் சொன்னீர்கள்.

பிறகு குழுவும் மாறியது. சம்பளத்துக்கு வெளியாட்கள் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். "சல்யூட் அடிக்கத் தெரியாதவனெல்லாம் நம்ம டீம்ல இருக்கான்" என்று முணுமுணுத்தீர்கள், ஆனால் ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. ஒரு நாள் ஐந்தாம் எண் போட்டுக்கொண்டு புதிதாக ஒரு வெளிநாட்டுத் தடுப்பாட்டக்காரர் இறங்கினார்.  இடைவேளைவரை நீங்கள் வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

இரண்டாம் பாதியில் மழை. கோல்கீப்பர் விழுந்து கிடக்க, காலி கோலை நோக்கிப் போன பந்தின் குறுக்கே அந்த மனிதர் உடம்பைத் தூக்கிப் போட்டார். பந்து வெளியே போனது. அவர் எழுந்தபோது முதுகில் எண்ணே தெரியவில்லை, அவ்வளவு சேறு. நீங்கள் எழுந்து நின்றீர்கள். பக்கத்து நாற்காலியிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். படிக்கட்டில் நனைந்துகொண்டு நின்ற ஒரு மலாய்ப் பெரியவரைக் கைகாட்டி அங்கே உட்காரச் சொன்னீர்கள்.

"அப்பா, ஹாலிம் மாமா சொல்லலியே?"

"அவன் இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பான்மா. சட்டைன்னா யாராவது போட்டு வேர்வ படணும்."

அதற்குப் பிறகு நாம் இரண்டு டிக்கெட்தான் வாங்கினோம்.

வெளியில் நாலு பேர் முன்னால் வாயே திறக்காத எனக்கு, அந்த இடத்தில் மட்டும் குரல் இருந்தது. நடுவரைத் திட்டிவிட்டு நானே பயந்து உங்களைப் பார்ப்பேன். நீங்கள் பெருமையாகச் சிரிப்பீர்கள். பட்டமளிப்பு விழாவில் என் பெயரை வாசித்ததும் மேல் வரிசையிலிருந்து கோல் விழுந்ததுபோலக் கத்தினீர்களே, மேடையில் எனக்குக் கால் பின்னியது. "நம்ம குடும்பத்துல மொத கோலு, கத்தாம எப்படி?" என்றீர்கள். இன்று பங்சாரில் அலுவலகக் கூட்டத்தில் பேச எழும்போது, மேல் வரிசையில் யாரோ எனக்காகக் கத்தக் காத்திருப்பதுபோல இருக்கும். பேசிவிடுவேன். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னதே இல்லை. நன்றி, அப்பா.

சரி, சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் ஜோசப். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பம். முதல் நாள் "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். "வராங்க" என்றேன். அடுத்த ஆட்டத்திலும் கேட்டார்.

"உங்க ஆளு இன்னும் வீட்டவிட்டே கிளம்பலியா?"

சிரித்துவிட்டேன். பிறகு யாருக்கான இடம் என்று சொன்னேன். அவர் துண்டுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து மூன்று பொட்டலம் கச்சான் வாங்குகிறார். ஒன்றை என்னிடம் நீட்டுவார், ஒன்றைத் துண்டின் மேல் வைப்பார். "அங்கிளுக்கு." ஆட்டம் முடிந்ததும் அதை எனக்கே கொடுத்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் இந்த சீசன் முழுவதும் உங்களை நடுவில் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறோம்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு ஞாயித்துக்கிழம கோயிலு, நமக்கு வெள்ளிக்கிழம. மத்த நாளெல்லாம் என்னா பண்ணுவீங்க?"

"பந்து பாப்போம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உங்கள் படத்தைப் பார்த்தார். "அவரு சரின்னா எனக்கும் சரி. கேட்டுச் சொல்லு" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்பா. நீங்கள் இல்லாமல் அம்மா இந்த வீட்டில் எதையும் முடிவு செய்ததில்லை.

நீங்களும் சொல்லி அனுப்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். ஹாலிம் மாமாவுக்காக நீங்கள் சொன்னதை உங்களுக்காக நான் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் கேட்காமல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாளைக்கு மழை வரும் என்கிறார்கள். துண்டைத் துவைக்காமல் அப்படியே கொண்டு வருகிறேன். ஆட்டம் தொடங்கும்போது அதை எடுத்து என் தோளில் போட்டுக்கொள்கிறேன்.

ஜோசப் என் பக்கத்தில் உட்காரட்டுமா, அப்பா?