சரசக்கா கழற்றிய மாலை

என் அருமை மணியத்துக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோதும் எழுதியதில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு எவன் கடிதம் எழுதுவான்? மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது என்பது உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, மணியம். கோபம் வருகிறது. வீட்டில் கத்தினால், "பிரஷர் ஏறும்பா" என்கிறாள் மகள். அதனால் உன்னிடம் கத்துகிறேன். உனக்கு ஏற இனி ஒன்றும் இல்லையே.

நீ எடுத்த படங்களை எல்லாம் கிள்ளானில் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். ஜொகூரிலிருந்து உன் மகன்தான் ஃபோன் பண்ணினான். "அப்பா படத்தையெல்லாம் பெரிசாக்கி மாட்டப்போறாங்களாம் அங்கிள். என்னால வர முடியல, நீங்க போய்ப் பாருங்க" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. போன தீபாவளிக்கு எடுத்த, பளபளவென்று பூப்போட்ட பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதைப் போட்டால் கல்யாணப் பந்தல் நடந்து வருகிற மாதிரி இருக்கிறதாம். சொன்னவள் என் மகள். இப்போது பூச்சோங்கில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். காரில் கூட்டிப்போனதும் அவள்தான்.

கண்காட்சி எங்கே தெரியுமா? நம் கடை வரிசையை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். அந்த வீடுகளை விற்கிற ஆபீசில்! நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பொம்மை அடுக்குமாடி, பொம்மை மரம், பொம்மை நீச்சல் குளம். சுற்றிலும் சுவரில் உன் படங்கள். வாசலில் பெரிய பதாகை: 'மறைந்துபோன நம் தெரு'.

எங்கேடா மறைந்தது? கட்டடத்துக்காரர் விற்றுவிட்டார், காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் ஒருத்தரும் இன்னும் கிளம்பவில்லை. அன்றைக்குக் காலையில்கூடச் சரசக்கா பூக்கடையைத் தாண்டித்தான் வந்தோம். திறந்திருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது.

உள்ளே போனால், ஒவ்வொரு படத்துக்கும் மாலை. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. கறுப்பு வெள்ளையில் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டி, கை மாலையைத் தேடப் போய்விடும். முடிதிருத்தும் கடைக்கு மாலை. சீனக் கிழவரின் காப்பிக் கடைக்கு மாலை. அப்புறம், எனக்கும் மாலை.

ஆமாம், நானேதான். சரசக்கா கடை வாசலில் உன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, பெல்பாட்டம் போட்டு, தலையில் காக்காய்க் கூட்டோடு நிற்பேனே, அந்தப் படம். பக்கத்தில் அக்கா, கையில் பூப்பந்து. எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே மாலையாகப் போட்டு, கீழே பேட்டரி விளக்கும் வைத்திருந்தார்கள்.

கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞன் நின்றான். நம் பிள்ளைதான், மரியாதையான பிள்ளை.

"இவங்கெல்லாம் யாருப்பா?"

"அந்தக் காலத்துக் கடைத்தெரு ஆளுங்க அங்கிள். எல்லாரும் தவறிட்டாங்க."

"இந்த மோட்டார்க்காரன் எப்படிச் செத்தான்?"

"தெரியல லா அங்கிள்."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சா சொல்லுப்பா, அது நான்தான்."

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் வயிற்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். "நிஜமாவா அங்கிள்?" என்றான். என் மகள் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், மணியம். அந்த நேரம் பார்த்துச் சரசக்கா உள்ளே வந்தாள்.

மாலையெல்லாம் அவள் கடையில்தான் சொல்லியிருக்கிறார்கள். வாசல் பதாகைக்குக் குறைந்ததாம், மறுபடி கேட்டிருக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், தன் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்தக் கோயிலுக்குன்னு கேட்டேனே" என்றாள், யாரிடமும் இல்லாமல். "படத்துக்கு ஆன்டின்னாங்க. சாமி படம்னு நினைச்சு, தலைக்குக் குளிச்சிட்டு உக்காந்து கட்டினேன்."

கோட்டுப் போட்ட மேனேஜர் ஓடி வந்தார். அவரும் நம் ஆள்தான், அதுதான் இன்னும் எரிகிறது. "ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்களுக்கு நாங்க காட்டுற மரியாதை லா."

"மரியாதையா? கடைக்கு வந்து, தீபாவளி வியாபாரம் முடியுற வரைக்கும் இருங்க ஆன்டின்னு சொல்லியிருந்தா அது மரியாதை. கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான்யா எனக்கு மாலை விழுது. அதையும் என்னையே கட்ட வெச்சிட்டீங்க."

சொல்லிவிட்டு எட்டி, மாலையைத் தானே கழற்றினாள். நார் அறுந்திருக்கிறதா என்று பார்த்தாள். "பிடிடா கோபாலு. கீழ போட மனசு வரல" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கடையைப் பார்க்க ஆள் இல்லையாம்.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். ஆணி அடிக்கச் சொன்னார்கள், அடித்தான். அந்தப் பதாகையை எழுதினவன் எவன்? அடுத்த தெருவுக்கு நடந்துபோய்ப் பார்க்க அவனுக்குக் கால் இல்லையா? உயிரோடு வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கு முதலில் மாலையைப் போட்டுவிட்டால் பிறகு இடிப்பது சுலபம் என்று யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது?

நீ ஒரு கடையையும் வெறுமனே எடுத்ததில்லை. உள்ளே இருக்கிறவர்களை எல்லாம் வெளியே வரச்சொல்லி நிற்கவைத்துத்தான் எடுப்பாய். "ஆளில்லாத கடையை எடுக்க நான் என்ன ஏலம் போடுறவனாடா?" என்பாய். அப்படி நீ கூப்பிட்டு நிறுத்தின ஆட்களையே காட்டி, இங்கே ஆட்கள் இல்லை என்கிறார்கள். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்ற மாலைகளையும் கழற்ற ஆரம்பித்தேன். கை எட்டவில்லை. பிரஷர் ஏறும் என்று பயந்த அதே மகள் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இறங்குங்க. போலீசைக் கூப்பிட வேண்டி வரும்" என்றார் மேனேஜர்.

"செத்தவன் மேல கேஸ் போட முடியாது தம்பி" என்றேன்.

முடிதிருத்தும் கடைப் படத்தில்தான் குழம்பிவிட்டேன். கடைக்கார அண்ணன் நிஜமாகவே போய்விட்டார், ஆனால் கடையை அவர் மகன் நடத்துகிறானே. மாலை அவருக்கா, கடைக்கா? கடைசியில் கடையின் பெயர்ப்பலகையை விட்டு நகர்த்தி, அவர் முகத்துப் பக்கம் மட்டும் தொங்கவிட்டேன்.

அக்கா கொடுத்த மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முடிதிருத்தும் கடை அண்ணனை விட்டால், அந்த ஆபீசில் உண்மையில் மாலைக்கு உரியவன் நீ ஒருத்தன்தான். உன் படம்தான் அங்கே இல்லை. ஊரையெல்லாம் எடுத்தவனை எவன் எடுத்தான்? என்னிடம் ஒன்று இருக்கிறது, என் மகள் கல்யாணத்தில் யாரோ எடுத்தது. அதிலும் பாதி முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறாய். அதற்குப் போட்டேன்.

அது வாடிவிட்டது. வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போய்ப் புதுசு வாங்குவேன். "இப்ப யாருக்குடா?" என்பாள் அக்கா. "இந்தத் தடவை சரியான ஆளுக்குக்கா" என்பேன். ஒவ்வொரு வெள்ளியும் போவேன், இது சத்தியம். இடிக்கிற இயந்திரம் வருகிற அன்றும் போய் மாலை கேட்பேன். அவள் கட்டி முடிக்கிற வரைக்கும், உன் படத்தில் நின்ற அதே இடத்தில் நிற்பேன். அப்போது நூல் மாதிரி இருந்தேன். இப்போது என்னைத் தாண்டி உள்ளே போவது கொஞ்சம் கஷ்டம்.

உன் கூடப்பிறக்காத தம்பி,
இன்னும் சாகாத கோபால்