பனியன் தையல் போட்ட படகுப் பாய்

2008 நவம்பர் 16, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். உன் படகுப் பாயில் மொத்தம் ஒன்பது மூட்டுத் தையல்கள். பிரிந்திருப்பவை மூன்று. காற்று பிரித்தவை இரண்டு, நீ கையால் இழுத்துப் பிரித்தது ஒன்று. மற்ற ஆறும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை நான் நம்பவில்லை.

எண்ணி முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கட்டிங் டேபிளின் மேல் பாய் விரிந்து கிடக்கிறது. இருபத்திரண்டு மாதமாக இதே டேபிளுக்கு அடியில் ஒரு பாலித்தீன் பைக்குள் சுருண்டு கிடந்தது. பையின் வாயைப் பிரித்ததும் உப்பும் டீசலும் கலந்த வாடை எழுந்தது. பஞ்சுத்தூசியும் அயர்ன் ஆவியும் தவிர வேறெதுவும் வீசாத கம்பெனி இது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, கருவாடு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா சார் என்று கேட்டார். இல்லீங்க என்றேன். அவர் நம்பவில்லை.

பையை எடுக்கவைத்தது உன் மனைவியின் போன். நேற்று மதியம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை. உன் மாமா படகை எடுத்துக் காய்கறி ஏற்றப்போகிறாராம். சரக்கு அடுக்கப் பாய்மரம் இடைஞ்சல் என்று, டிசம்பர் பத்தாம் தேதி அதை அறுத்து எடுக்க ஆசாரிக்குச் சொல்லிவிட்டாராம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. சுக்கான் பிடிக்க நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய், தானே ஓட்டிக்கொள்வாள். ஆனால் பாய் இல்லாத மரத்தை எதற்கு வைத்திருக்கிறாய் என்று மாமா கேட்கிறாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, பாய் தச்சாச்சா?"

தச்சாச்சு, ரெடியா இருக்கு என்றேன். நாக்கு கூசவில்லை. சரக்கு வாங்கும் பையரிடம் ஐந்து வருடமாக இதே வாக்கியத்தைச் சொல்லிப் பழகிய நாக்கு.

எங்கே தவறினேன் என்று இப்போது துல்லியமாகச் சொல்ல முடியும். பாய் வேண்டும் என்று நீ அந்தமானிலிருந்து கேட்டபோது, அளவை மில்லிமீட்டரில் கேட்டு உன்னைப் படுத்தினேன். கூடவே நீ ஒன்று சொன்னாய்: சாதாரண மெஷின்ல ரெட்டைத் தையல் அடிச்சா போதும்லே. அதை நான் காதில் வாங்கவில்லை. பாலிடெக்னிக்கில் நான் டெக்ஸ்டைல், நீ மெக்கானிகல். இதே கம்பெனியில் நான் துணி பார்த்தேன், நீ நிட்டிங் மெஷினுக்கு ஊசி மாற்றினாய். தையலைப் பற்றி எனக்கு நீ சொல்வதா? முரட்டுப் பாலியெஸ்டர் துணியாகத் தேடி வாங்கி, பிளாட்லாக் மெஷினில் கொடுத்தேன். ஐந்து நூல் ஓடும் பட்டையான தையல். பார்க்க அப்படி ஒரு அழகு. பனியன் தைக்கும் இந்த ஊரில் எதைத் தைத்தாலும் அந்த மெஷினில்தான் கை போகும்.

நீ இந்த ஊரைவிட்டுப் போன கதை எனக்குப் பிடிபட நாளானது. உன் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கே அயர்ன் மாஸ்டராக நின்றவர். நீயும் இங்கேயே நிலைத்துவிடுவாய் என்று எல்லோரும் நினைத்தோம். ஆறு வருடம் நிட்டிங் ஹாலில் நின்ற பிறகு ஒரு நாள், அந்தமானில் மாமா வைத்திருக்கும் போட் எஞ்சின் பட்டறைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாய். அங்கே பட்டறையில் எஞ்சின் பிரித்துக்கொண்டே, ஒரு பழைய மரப்படகை வாங்கி அதற்குப் பாய்மரம் நட்டாய். எஞ்சின் மெக்கானிக்குக்குப் பாய் எதற்கு என்று போனில் கேட்டேன். "சத்தம் இல்லாம ஒரு எடத்துக்குப் போயிப் பாக்கணும்லே" என்றாய். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

2007 ஜனவரியில் நானும் நம் கூட்டாளி கந்தசாமியும் வந்தோம். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்காரன் வெறும் கையோடு வருவானா? ஒரு பெரிய டின் நிறைய வெண்ணெய் கொண்டுவந்தான். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். இரண்டாம் நாளே வெண்ணெய் உருகிவிட, கப்பல் சமையல்காரரிடம் கெஞ்சிக் காய்ச்சி நெய்யாக்கிக்கொண்டான். போர்ட் பிளேரில் எங்களை அழைத்துப்போக நின்ற நீ, என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. பாய்ச் சுருளைத்தான் முதலில் வாங்கித் தோளில் போட்டாய். அன்று மாலையே நீ இருந்த ஹேவ்லாக் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, இருட்டுமுன் அதை மரத்தில் கட்டியும் பார்த்துவிட்டாய். தையலை விரலால் தடவிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாய். நான் என்ன என்றேன். ஒன்னுமில்ல, நல்லா இருக்கு என்றாய்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவுக்குக் கிளம்பினோம். நாம் மூன்று பேர், ஸ்டெல்லா, நெய் டின். கரையைத் தாண்டும்வரை எஞ்சின் ஓடியது. பிறகு அதை நிறுத்தினாய். பாய் விம்மி நின்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் கந்தசாமி ஷூவோடு மரத்தைக் கட்டிக்கொண்டான். கப்பல் ஏறும்வரை அவன் பார்த்த பெரிய தண்ணீர் கீழ்பவானி வாய்க்கால்தான்.

"ஏனப்பா, இது இப்பிடியேதான் சாஞ்சுக்கிட்டுப் போகுமா, இல்ல கவுந்துபோட்டுப் போகுமா?" என்றான்.

"மொதல்ல சாயும். கவுறதா இருந்தா சொல்லிட்டுத்தான் கவுறும். நீ மரத்த விடுல, அதுக்கு வேல இருக்கு" என்றாய்.

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் கந்தசாமி மரத்தை விட்டுவிட்டு நெய் டின்னைக் கட்டிக்கொண்டான். அந்த நெய்யில்தான் அவள் படகிலேயே ஸ்டவ் மூட்டி மீன் வறுத்தாள். தங்கச்சி, இதுல பருப்பு போட்டுச் சாப்பிடோணுங்க என்று அவன் புலம்பியதை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது துண்டை அவன்தான் எடுத்தான்.

நான் மட்டும் அடங்கவில்லை. எத்தனை மணிக்குச் சேருவோம், இப்போது என்ன வேகம், எஞ்சினையும் சேர்த்துப் போட்டால் என்ன? ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாட்சைப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் நீ கையை நீட்டி, அதைக் கழற்றிக் கொடு என்றாய். வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாய். "இப்ப மணி கேக்கணும்னா காத்துக்கிட்ட கேளு" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நேரம் இருந்தது. எவ்வளவு என்று அளந்து சொல்ல வழியில்லை, வாட்ச் என்னிடம் இல்லை. தண்ணீரின் நிறம் மாறியது. இடப்பக்கம் ஒரு குட்டித் தீவு வந்து பின்னால் போனது. சத்தமில்லாமல் போவது என்று நீ சொன்னது எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். துணி கிழியும் சத்தமில்லை, அதைவிட மெல்லியது. குறுக்குக் கட்டையில் உரசிய இடத்தில் ஒரே ஒரு நூல் அறுந்து, தையல் கீழிருந்து மேலாகப் பிரிந்து ஓடிக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நின்றதும் பக்கத்து மூட்டு ஓடியது. நீ பதறாமல் கயிற்றைத் தளர்த்திப் பாயை இறக்கினாய். மூன்றாவது மூட்டின் முனையில் தொங்கிய நூலை இரு விரலால் பிடித்து இழுத்தாய். மொத்தத் தையலும் உன் கையோடு வந்தது.

"அட, அரிசி மூட்டையாட்டவே பிரியுது" என்றான் கந்தசாமி.

நீ நூலைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாய். "பனியனுக்குத் தச்சிருக்க, லே."

அது சரி. பனியனில் அந்தத் தையல் பிரியாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு தையலின் முனையையும் குறுக்கே வரும் இன்னொரு தையல் பூட்டிவிடும். பாயில் ஒன்பது முனைகளும் திறந்து கிடந்தன. தினமும் நூறு பீஸ் எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்து ரிஜெக்ட் செய்கிற குவாலிட்டி இன்சார்ஜ் நான். என் பாயை ஒரு முறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. இதை அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். கட்டையில் பிசிறு இருக்கிறது, மரத்தை நேராக நடவில்லை, காற்று அதிகம் என்று அடுக்கினேன். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ எஞ்சினைப் போட்டாய். நீல் தீவு வரை அந்தச் சத்தத்தில்தான் போனோம்.

நீ தேடிப்போன ஒரே ஒரு விஷயத்தை என் தையல் பாதி வழியில் நிறுத்தியது. கரையில் இறங்கும்போது வாட்சைத் திருப்பிக் கொடுத்தாய்; கூடவே, தப்பு ஒன்னும் இல்லல, திருப்பித் தை, அவ்வளவுதானே என்றாய். இருபது நாளில் அனுப்புகிறேன் என்று பாயைச் சுருட்டி எடுத்துவந்தேன்.

அதற்குப் பிறகு நீ மூன்று முறை கேட்டாய். முதல் முறை ஷிப்மென்ட் அவசரம் என்றேன், உண்மை. இரண்டாவது முறையும் ஷிப்மென்ட், பாதி உண்மை. மூன்றாவது முறை நீ கேட்ட குரலிலேயே பதில் தெரிந்திருந்தது. "பாய் கெடக்கட்டும்லே, நீ ஒரு தடவ வா" என்றாய். அதன் பிறகு பாயைப் பற்றி நீ பேசவே இல்லை. நீ கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் எரிச்சலிலாவது தைத்திருப்பேன். கேட்பதை விட்டதும் எனக்கு வசதியாகப் போயிற்று. எழுதவே அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

செப்டம்பரில் உனக்குக் காய்ச்சல். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நான்கே நாள். எனக்குத் தகவல் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நீ கடலில் சாகவில்லை, என் தையலால் சாகவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்கும் போகாமல், படகுத்துறையில் கட்டிய படகிலேயே வெறும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாய் என்று ஸ்டெல்லா நேற்றுச் சொன்னாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போது இங்கே ஆர்டர் இல்லை. அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்ததில் பாதி மெஷின் துணி போர்த்தி நிற்கிறது. பத்து வருடத்தில் முதல் முறையாக எனக்கு நேரம் இருக்கிறது, சொல்ல ஷிப்மென்ட் இல்லை. உன்னிடமிருந்து ஒட்டிய ஒரே பழக்கம் மட்டும் ஓய்வதில்லை: எந்தத் தையலைப் பார்த்தாலும் முனை நூலை இரு விரலால் பிடித்து இழுக்கிறேன். கம்பெனியில், பஸ் சீட்டில், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டையில்கூட. ஒருவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

மணி ஏழாகப்போகிறது. உட்கார்ந்து எழுதியது போதும். இனிச் செய்வது:

1. ஏழு மணிக்கு ஸ்டெல்லாவுக்குப் போன். நேற்றுச் சொன்னது பொய், பாய் இன்னும் தைக்கவில்லை என்று சொல்வேன். டிசம்பர் பத்துக்கு முன்னால் வந்துவிடும், மரத்தில் யாரையும் கை வைக்க விடாதே என்றும் சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன்.

2. மிச்சமிருக்கும் ஆறு மூட்டுகளையும் என் கையாலேயே பிரிப்பேன்.

3. கந்தசாமி வீட்டில் அவன் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது, காலால் மிதிப்பது. சாதாரணத் தையல், கரண்ட் போனாலும் நிற்காது. செருப்புத் தைக்கும் பாலியெஸ்டர் நூல் வாங்கி, மூட்டுக்கு மூன்று வரிசை. நீ இரண்டு போதும் என்றாய். இதில் மட்டும் உன் பேச்சைக் கேட்கமாட்டேன்.

4. ஒவ்வொரு முனையையும் கை ஊசியால் பூட்டுவேன்.

5. ஒரு பக்கம் கந்தசாமி, மறுபக்கம் நான். பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்போம். ஒரு இழை அசைந்தாலும் ரிஜெக்ட், மறுபடி மூன்றாவதிலிருந்து.

6. பார்சலில் அனுப்பமாட்டேன். டிசம்பர் முதல் கப்பலில் நானே கொண்டுபோவேன். கந்தசாமி இந்தத் தடவை நெய்யாகவே கொண்டுவருகிறானாம்.

7. ஹேவ்லாக்கில் படகில் ஏறியதும் வாட்சைக் கழற்றி ஸ்டெல்லாவிடம் கொடுப்பேன். அவள் கேட்பதற்கு முன்பே. அரிசி டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்லே.