வெள்ளிக்கிழமைச் சங்கத்தை ஆரம்பித்தவனுக்கு

இன்று காலை கூட்ஸ் ஆபீசுக்குப் போகிற வழியில் ஆலங்காயத்துப் பக்கமிருந்து வந்த மூன்று வண்டிகளுக்காக ஒதுங்கி நின்றேன். மூன்றிலும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை. மழையில் நனைந்த பட்டை. அந்தத் துவர்ப்பு நெடி மூக்கில் ஏறியதும் ஒரு கணம் நீ எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாய் என்றே நினைத்தேன். திரும்பியும் பார்த்தேன். வண்டிக்காரன், "இன்னா சாமி, யாரைத் தேடறீங்க?" என்று கேட்டான். யாரையும் இல்லை என்றேன். ஆபீசில் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. படிக்க நீ இல்லை; இருந்திருந்தாலும் நான்தான் உனக்குப் படித்துக்காட்ட வேண்டியிருக்கும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். மூன்றாம் வகுப்போடு உன்னைத் தோல் பதனிடும் ஷாப்புக்கு அனுப்பிவிட்டார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கும் வேலை. நான் மேலே படித்து ரயில்வேயில் கிளார்க் ஆனேன். வயது ஏற ஏற நம் சட்டைகளுக்குள் வித்தியாசம் வந்தது, பேச்சில் வந்தது. ஆனாலும் ஸ்டேஷனுக்குத் தோல் கட்டுகளோடு வரும்போதெல்லாம் நீ என்னை "கூட்ஸு" என்றுதான் கூப்பிடுவாய். என் பெரிய ஆபீசர் முன்னாலும் கூப்பிட்டிருக்கிறாய். நான் கோபித்துக்கொண்டால், "தோஸ்த்துகிட்ட இன்னா மரியாதை?" என்பாய்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் கழித்து நம் சபைக்கு ஒரு புதிய போதகர் வந்தார் அல்லவா, ஒல்லியாக, எப்போதும் குடையோடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்கள் பக்கத்துப் பாய்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கேட்டார், உங்கள் ஆட்களெல்லாம் எங்கே என்று. நான் அவரிடம் உன்னை அழைத்துப் போனேன். நீ பட்டென்று சொன்னாய்: "எங்க ஷாப்புக்கு லீவு வெள்ளிக்கிழமைங்கய்யா. முதலாளிங்க தொழுகைக்குப் போற நாளு. ஞாயித்துக்கிழமை நாங்க குழியில நிக்கறோம். வெள்ளிக்கிழமை கள்ளுக்கடையில உக்காந்திருக்கறோம். பாக்கணும்னா அங்க வாங்க."

போதகர் கோபப்படவில்லை. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு, "அப்போ வெள்ளிக்கிழமை வேற எங்கயாவது உக்காரலாமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியிலும் உன் பதிலிலும்தான் சங்கம் ஆரம்பித்தது. கோயிலுக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த கிடங்கை நீயும் நானும் பெருக்கினோம். போதகர் சுக்குக் காப்பிக்கு ஏற்பாடு செய்தார். நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டாய்.

"ஜெபம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அதுவும் சின்னதா."

"எவ்ளோ சின்னதா?"

"காப்பி ஆறாத அளவுக்கு."

முதல் வெள்ளிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். எனக்கு அவமானமாக இருந்தது. நீ எழுந்து கள்ளுக்கடைக்கு நடந்தாய். நானும் பின்னால் வந்தேன். அங்கே பானைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நீ பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "சும்மா வாங்கபா. பாட்டு இருக்குது, காப்பி இருக்குது. அங்க யாரும் உங்களுக்குப் புத்தி சொல்ல மாட்டாங்க. சொன்னா நானே எழுந்து வந்துடறேன்." அடுத்த வாரம் பதினோரு பேர். அதற்கடுத்த வாரம் உன் சாராள் உங்கள் இரண்டு வயது மகள் ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கோயிலில் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு. எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். அவர் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மற்றவர்களும் மனைவிகளோடு வந்தார்கள்.

நான் பத்திரிகை படித்துக்காட்டுவேன். நீ டோலக்கு வாசிப்பாய். சுண்ணாம்பு தின்று வெடித்த உன் விரல்நுனிகள் தோலில் பட்டால் எரியும் என்பதால் மணிக்கட்டால் தட்டுவாய். அதில் ஒரு தனிச் சத்தம் வரும். மகன் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்ட ஒரு கிழவருக்கு நான் கடிதம் எழுதும்போது மொத்தச் சங்கமும் சுற்றி உட்கார்ந்து என்ன எழுதலாம் என்று யோசனை சொல்லும். யாராவது இறந்தால் பெட்டியைச் சங்கத்தார்தான் தூக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தை நீ ஏற்படுத்தினாய். அது சட்டமாக எங்கும் எழுதப்படவில்லை. நீ சொன்னாய், எல்லோரும் செய்தோம். மூன்று வருஷம் அப்படி நடந்தது. நீ அந்த மூன்று வருஷமும் கள்ளைத் தொடவில்லை.

பிறகு ஊருக்குள் வாந்திபேதி வந்தது. ரூத் இரண்டே நாளில் போய்விட்டாள். அந்தச் சின்னப் பெட்டிக்கு நான்கு பேர் தேவைப்படவில்லை, நீயே தூக்கிக்கொண்டாய். நாங்கள் பக்கத்தில் நடந்தோம். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி வைக்க உன்னால் முடியவில்லை. "கொஞ்சம் இரு, கூட்ஸு" என்றாய். நாங்கள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தோம்.

அதற்கப்புறம் நீ குடிக்க ஆரம்பித்தாய். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாய். மூலையில் உட்காருவாய். யாரிடமும் வம்பு கிடையாது. டோலக்கைத் தொடமாட்டாய், மற்றவன் வாசிப்பதைக் கேட்பாய். போதகர் தன் தம்ளரை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உன் பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அவர் அங்கேயே இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்குமா, எனக்குத் தெரியாது. அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்குள் சங்கத்துக்கு நல்ல பெயர் வந்துவிட்டிருந்தது. தலைமை வாத்தியார் வந்து சேர்ந்தார், கம்பவுண்டர் வந்தார், தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாக்கள் வந்தார்கள். கிடங்குக்கு ஓடு மாற்றினார்கள், நாற்காலி போட்டார்கள். கமிட்டி என்று ஒன்று வந்தது. தலைமை வாத்தியார் தலைவர். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதலில் நாளை மாற்றினார்கள். ஆபீஸ்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை வசதிப்படவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தோல் ஷாப்பு ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நீ மட்டும் அரைநாள் வேலையை விட்டுவிட்டு, கால் கழுவக்கூட நேரமில்லாமல், சுண்ணாம்புக் காலோடு வந்தாய். நாற்காலியில் உட்காரமாட்டாய். உனக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.

அப்புறம்தான் அந்தத் தீர்மானம் வந்தது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. குடிக்கிறவர்களுக்காகவே ஆரம்பித்த சங்கம் இது என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அதைச் சொல்லவில்லை. என் மூத்த பெண்ணுக்கு வேலூரில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கேட்டிருந்தேன். தலைமை வாத்தியாரின் சிபாரிசுக் கடிதம் அந்த வாரம் வர வேண்டியிருந்தது. உன்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள். நீ வேப்பமரத்தடியில் நின்றாய். ஜன்னல் வழியாக உன் தலை தெரிந்தது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். எல்லாக் கைகளும் மேலே போன பிறகு என் கையும் மேலே போனது.

முடிவை உன்னிடம் சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். நான் வந்து நின்றேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நீ கேட்டாய்:

"எத்தினி பேரு கை தூக்கினாங்க?"

"நான் எண்ணல."

"நீ?"

நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் தோளில் கை வைத்து, "சரி உடு. பொண்ணு படிப்பு முக்கியம்" என்றாய்.

உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீ என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, அதை வைத்துக்கொண்டு நான் எப்படியாவது பிழைத்திருப்பேன்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் பக்கமாக வந்தேன். சங்கம் பூட்டியிருந்தது. நீ அந்தப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாய். உனக்கு லீவு நாள். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அவசர வேலையும் இல்லை. நான் அடுத்த தெருவில் திரும்பிவிட்டேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

கார்த்திகை மழையில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியதாகக் கேள்விப்பட்டேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே பத்து நாள் ஓட்டினேன். தோல் கட்டு ஏற்ற வந்த கூலி ஒருவன்தான் ஸ்டேஷனில் சொன்னான், "உங்க ஆளு போய்ட்டாரு சாமி" என்று. நான் ஓடிவந்தபோது பெட்டி புறப்பட்டுவிட்டிருந்தது. ஷாப்பு ஆட்கள் நான்கு பேர் தூக்கிப்போனார்கள். உங்கள் மேஸ்திரி பாய் தொப்பியோடு கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்து நின்றார். சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. நீ உறுப்பினர் இல்லையே. நான் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடிக்கப் பார்த்தேன். முன்னால் தூக்கியிருந்தவன், அந்தக் கோலார் கிழவரின் தம்பி மகன், என்னைத் திரும்பிப் பார்த்து, "இடம் இல்லீங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

போன மாதம் சங்கத்துக்கு ஆண்டு விழா நடந்தது. சங்கத்தின் ஆரம்பகால வரலாற்றை எழுதிப் படிக்க வேண்டும் என்றார்கள். எழுதும் பொறுப்பு என்னுடையது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். கள்ளுக்கடையில் நீ பேசியதைக்கூட. முதல் வரியில் உன் பெயரைப் போட்டேன். தலைமை வாத்தியார் பொறுமையாகப் படித்தார். உன் பெயரில் தொடங்கி ஒன்றரைப் பக்கத்தின்மேல் பென்சிலால் கோடு இழுத்தார். "ஆரம்பிச்சது போதகர்னே இருக்கட்டும். விருந்தாளிங்க எல்லாம் வர்றாங்க, இதெல்லாம் எதுக்கு?" என்றார். நான் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து நல்ல காகிதத்தில், அந்த அழகான கையெழுத்தில், நீ இல்லாமல் இன்னொரு முறை எழுதினேன்.

அதை நானே மேடையில் படித்தேன். படித்து முடித்ததும் கை தட்டினார்கள். மாலை போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் பார்த்தேன், பின்பக்கச் சுவரோரம் சாராள் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வேலை நாள். ஷாப்பில் பட்டை சுமந்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். தலையில் பட்டைத் தூள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், சங்கம் ஆரம்பித்த கதையைப் படிக்கப்போகிறார்கள் என்று.

"அண்ணா, அவரு பேரு வந்துச்சா?" என்று கேட்டாள்.

என் கழுத்தில் மாலை இருந்தது. "வந்துச்சும்மா" என்றேன்.

"எங்க வந்துச்சு? என் காதுல உழலியே."

"மொதல் வரியிலயே வந்துச்சு."

அவள் முகம் வாடிப்போனது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் லேட்டு" என்றாள். "மேஸ்திரி உடல. ஓடித்தான் வந்தேன். அதுக்குள்ள படிச்சுட்டீங்க." போவதற்குத் திரும்பியவள் மறுபடி நின்றாள். "ஒரு நாளிக்கு அந்த மொதல் வரிய மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டறீங்களா?"

"சரி" என்றேன்.

அதற்கப்புறம் அவளைச் சந்தையில் இரண்டு முறை பார்த்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நேரம் கிடைக்கும்போது நானே வருவேன் என்று காத்திருக்கிறாள். கோடு இழுத்த அந்தப் பழைய காகிதத்தை எடுத்துப் போய், மேடையில் படித்தது இதுதான் என்று அவளுக்குப் படித்துக்காட்ட என்னால் முடியும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உண்மையைச் சொல்லவும் முடியும். இரண்டில் ஒன்றைச் செய்ய எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெரு முனைவரை போய்த் திரும்பி வந்துவிடுகிறேன். உன் பெட்டியைத் தூக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. நான் இப்போது தூக்கிக்கொண்டு திரிவதெல்லாம் அவளிடம் சொன்ன அந்த ஒரு "சரி"தான். அதை யாரிடமும் இறக்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை.