பெல்ட் காயும் வரை

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். மூட்டுவலி இப்போது தேவலையா?

அங்கே உங்களோடு இருக்கும் மூத்த பேரன் பேங்க் பரீட்சையில் பாஸாமே! சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கினாளாம். இங்கே நம் பேத்தியோ, இந்த மலைத் தோட்டத்தில் மேடு பள்ளம் ஏறுகிற நாலு சக்கர வண்டிகளுக்கெல்லாம் மெக்கானிக். மீசை வைத்தவர்கள்கூட "அக்கா" என்று காத்து நிற்கிறார்கள்.

நான் சமைத்ததை மேலே வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு வண்டியில் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். பயப்படாதீர்கள், கியர் தானாக மாறும் வண்டி. போன வாரம் சேறு போக, பைப் வைத்து அடித்துக் கழுவினேன். மறுநாள் பாதி மேட்டில் இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. சுற்றிலும் மூடுபனி. வண்டியோடு மேகத்தில் மிதப்பது போல, சும்மா சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

தேடிக்கொண்டு பேத்தி வந்தாள்.

"சக்கரத்தை இழுக்கிற பெல்ட் மூடிக்குள்ள தண்ணி விட்டுட்டியே பாட்டி! அதான் வழுக்குது."

"சாவியைப் பிடுங்கிடுவியாடி?"

"முதலாளிக்குத் தெரிஞ்சா பிடுங்கத்தான் சொல்வார்."

வண்டி இல்லாவிட்டால் நாள் முழுக்க அடுப்பும் சுவரும்தானே.

அவள் பெல்ட் மூடியின் அடித் திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்தாள். நியூட்ரலில் போட்டு இன்ஜினை முடுக்கினாள். பெல்ட் காய்கிறவரை என் தோளில் சாய்ந்துகொண்டாள். குழந்தையில் அப்படிச் சாய்ந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். பிறகு சாவியை என் கையில் வைத்தாள்.

"மேட்டுல லோ கியர்ல போ. மூடி மேல பைப் அடிக்காதே. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவசரம், உலை கொதிக்கிறது. உங்கள் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்புங்கள். என்னிடம் இருப்பதில் நம் மகனைவிட இளசாக இருக்கிறீர்கள். ராத்திரி தனியாக அந்தப் படத்தோடு பேசக் கூச்சமாக இருக்கிறது.